சம்பந்தி வீட்டுச் சுவிஸ் கடிதங்கள்: பங்கு பிரிக்கலாமா?

கேள்வி: ராயபுரம் ஆசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய கடிதங்களைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் வசிப்பவள்; ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இளமையில் மாக்ஸ் முல்லர் பவனில் நான்கு ஆண்டுகள் ஜெர்மன் படித்தேன். அந்தப் படிப்பு இத்தனை காலம் கழித்துக் கைகொடுக்கும் என்று நினைத்ததே இல்லை. என் மகன் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே திருமணமும் செய்துகொண்டான். மருமகளின் தாய்வழியில், பாட்டனாருக்குப் பாட்டனார் ஒருவர், சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாகாணத்தில் ஒரு நெசவுக் கிராமத்தில் பிறந்து, மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, 1860ஆம் ஆண்டில் ஊரை விட்டுக் கப்பலேறியவர். அவருடைய பெட்டியில் இருந்த 39 கடிதங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் இருந்து வருகின்றன. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. எனக்கு ஜெர்மன் தெரியும் என்று மகன் சொல்லப்போக, சம்பந்தி அம்மாள் அத்தனையையும் படமெடுத்து அனுப்பிவைத்தார். ஆறு மாதமாக, மத்தியான நேரத்தில் நாளுக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று படித்து வருகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்மன் சபை 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் முதல் ஊழியர் சுவிட்சர்லாந்துக்கு வந்தது 1850இல். மனம் மாறியவர்கள் தங்கள் ஊரிலேயே இருந்து வழிபடுவது போதாது, புறப்பட்டு யூட்டாவில் ஒன்று கூட வேண்டும் என்பது அன்றைய உபதேசம். கப்பல் செலவுக்குப் பணம் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே சபை 1849இல் ஒரு நிதியைத் தொடங்கியிருந்தது. இவர் அந்தக் கடனை வாங்கவில்லை. தன் பங்குக் காட்டை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். லிவர்பூல், நியூயார்க், பிறகு மிசூரி ஆறு வரை ரயில், அதற்குப் பிறகு மாட்டு வண்டி. 1861ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 85 சுவிஸ்காரர்கள் யூட்டாவின் தென்கோடியில் உள்ள சான்டா கிளாரா என்ற வறண்ட பள்ளத்தாக்கில் திராட்சையும் பழமரங்களும் பயிரிடக் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் இவரும் ஒருவர். அவர்கள் பாடுபட்டு வெட்டிய வாய்க்காலை 1862 ஜனவரி வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

39 கடிதங்களில் 35 அவருடைய அக்காள் ஊரிலிருந்து எழுதியவை; 1862 தொடங்கி 1889 வரை. மீதி 4 மட்டும் அவர் கையெழுத்தில் உள்ளன. அடித்தும் திருத்தியும் இருப்பதால் அவை அனுப்பிய கடிதங்களின் முதல் படிகள் என்று நினைக்கிறேன். ஆக, அவருடைய கடிதப் பெட்டியில் அவருடைய குரல்தான் மிகக் குறைவாக இருக்கிறது.

அக்காள் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1863ஆம் ஆண்டுக் கடிதத்தில், பருத்தி வரவில்லை, ஆலை வாரத்தில் 3 நாள்தான் ஓடுகிறது என்று எழுதுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் தென் மாநிலங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் பருத்தி போவது நின்றுபோன காலம் அது. அதே போரினால்தான் யூட்டாவின் தென்பகுதியிலும் பருத்தி விளைவிக்கச் சபைத் தலைவர்கள் ஆள்களை அனுப்பினார்கள். தம்பி தன் படியில், திராட்சைக் கொடிகளுக்குப் பக்கத்தில் பருத்தியும் போட்டிருப்பதாகவும், காய் வெடித்திருப்பதாகவும் எழுதுகிறார். அக்காளின் அந்தக் கடிதத்தின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித் துண்டு இரண்டே தையலில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக நெய்த துணியாம். வெள்ளைத் துணி, மடிப்பு விழுந்த இடம் மட்டும் பழுத்திருக்கிறது.

மதம் மாறினார் என்றால் நம் ஊரில் வேறு மாதிரி புரிந்துகொள்வோம். இவர் பிறவியிலேயே கிறிஸ்தவர், சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். ஒரு கிறிஸ்தவ சபையை விட்டு இன்னொன்றுக்குப் போனார், அவ்வளவுதான் என்று எனக்கும் முதலில் தோன்றியது. அக்காளுக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி ஆற்றில் இறங்கி மறுபடியும் பெற்றாயே, அப்படியானால் உன்னைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்த நம் தாய் செய்தது என்ன என்று கேட்கிறார். ராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த பேதுருவின் பெயரைத் தாங்கிய ஊரில், 1829இல் படகுக்காரர்கள் கட்டிய கோயிலின் மணி கேட்டு வளர்ந்தவள் நான். சீயோன், அதாவது கடவுளின் நகரம், என்ற சொல்லைப் பாட்டிலும் ஜெபத்திலும் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். இந்தக் கடிதங்களில் அந்த ஒரு சொல்லைத்தான் இருவரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அக்காளுக்குச் சீயோன் பரலோகத்தில் இருக்கிறது. நல்ல சாவுக்குப் பிறகு கிடைப்பது. தம்பிக்கு அது வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து, மண்ணை வெட்டி, தண்ணீர் பாய்ச்சவேண்டிய ஊர்.

தாய் ஒரு கடிதமும் எழுதவில்லை. ஆனால் 1871ஆம் ஆண்டுக் கடிதத்தின் அடியில், அக்காளின் மை எழுத்துக்குக் கீழே, பென்சிலால் நடுங்கிய கையில் மகனின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆசியும் இல்லை, கையொப்பமும் இல்லை. முதலில் அதை அழுக்கு என்றே நினைத்தேன்.

இப்போது என் கேள்விகள். அந்தக் குடும்பம் நான்கு கிளையாக இருக்கிறது. கடிதங்களைக் கிளைக்குச் சம பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசுகிறார்கள். நான் பட்ட பாட்டுக்காக ஒரு கடிதத்தை எனக்கே அனுப்பிவைப்பதாகவும் சம்பந்தி அம்மாள் அன்போடு சொல்கிறார். இன்னொன்று: 1872ஆம் ஆண்டுக் கடிதத்தில் அக்காள், உங்கள் சபையில் ஆண்கள் பல பெண்களை மணக்கிறார்கள் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது, உன்னைப் பற்றியும் அது உண்மையா என்று நேராகக் கேட்கிறார். அந்தக் கடிதத்தை மட்டும் கட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கிளையினர் விரும்புகிறார்கள். நான் என்ன சொல்வது? அந்தச் சுவிஸ்காரர் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தேடுவதற்கு வழி உண்டா?

பதில் 1: தண்டையார்பேட்டை, ஆவணத் துறையில் 30 ஆண்டுகள்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். பிரிக்க வேண்டாம் என்பதுதான் என் முதல் வார்த்தை. ஒரு வீட்டில் ஒரே கட்டாக இருந்து வந்த காகிதங்களுக்கு, அவை எழுதப்பட்ட பொருளைத் தவிர, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தன என்பதே ஒரு சாட்சி. பருத்தி இல்லை என்று அக்காள் எழுதிய கடிதமும் காய் வெடித்திருக்கிறது என்று தம்பி எழுதிய படியும் வெவ்வேறு வீட்டுக்குப் போயிருந்தால், நீங்கள் மேலே எழுதிய அந்தப் பத்தியை எழுதியிருக்கவே முடியாது.

கட்டு எந்த வரிசையில் கைக்கு வந்ததோ, அந்த வரிசையை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி வாரியாக அடுக்குவது பிறகு. ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் ஒரு மூலையில் மெல்லிய பென்சிலால் எண் போடலாம்; பேனா கூடவே கூடாது. உறைகளைப் படமெடுத்தார்களா? வெறும் உறை என்று விட்டுவிடுவார்கள். அஞ்சல் முத்திரையில் உள்ள நாள், கடிதத்தில் தேதி இல்லாத இடத்தில் நமக்கு ஒரே துணை. 1874 அக்டோபரில் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி அஞ்சல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 1875 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் அதில் முதலிலேயே சேர்ந்தவை. நம் நாடு 1876இல் சேர்ந்தது. அதற்கு முன்னால் எந்த வழியாகப் போகிறது, எத்தனை நாட்டைத் தாண்டுகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும். அதனால்தான் அந்தக் காலத்தவர் மெல்லிய தாளில், ஓரம்கூட விடாமல், சில சமயம் எழுதிய பக்கத்தையே திருப்பிப் போட்டுக் குறுக்காகவும் எழுதினார்கள். 1875க்குப் பிறகு அக்காளின் கடிதங்கள் அடிக்கடி வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வந்தால், அக்காளின் மனம் இளகியது என்று உடனே எழுதிவிடாதீர்கள். தபால் செலவு குறைந்தது காரணமாக இருக்கலாம்.

மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதுபோல, ஐரோப்பாவில் கருவாலி மரத்தில் உண்டாகும் மாசிக்காயோடு அன்னபேதியைச் சேர்த்தார்கள். எழுதும்போது வெளிறி இருந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, நூறு ஆண்டில் பழுப்பாகும். அதில் உள்ள இரும்பும் அமிலமும் தாளை உள்ளிருந்து தின்னும். பேனா அழுத்திய தடித்த கோடுகளில் ஓட்டையே விழும். ஈரம் பட்டால் இது வேகம் எடுக்கும். ஆகவே உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறேன் என்று அந்த அம்மாள் சொன்னால், மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். யூட்டாவின் காற்று வறண்டது. அந்தக் கடிதங்கள் இத்தனை காலம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ராயபுரத்தில் கடலுக்கு இவ்வளவு அருகே, ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்த துணியே பூசணம் பிடிக்கிறது. போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி வேறு.

ஒட்டு நாடா ஒட்டக் கூடாது. சுருக்கத்தை எடுக்க இஸ்திரிப் பெட்டி வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டில் அழுத்தும் லாமினேஷன் கூடவே கூடாது. போட்டால் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் துணித் துண்டைத் தையலோடு அப்படியே விடச் சொல்லுங்கள், இடையில் ஒரு அமிலமற்ற தாள் வைத்தால் போதும்.

தாயின் பென்சில் எழுத்துள்ள பக்கத்தை மட்டும் மறுபடியும் படமெடுக்கச் சொல்லுங்கள். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், மேசை மட்டத்தில் பிடித்து எடுக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத அழுத்தத் தடம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

பதில் 2: பழைய வண்ணாரப்பேட்டை

பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு, மரியாதையோடு சொல்கிறேன். எங்கள் தாத்தா சிங்கப்பூரிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் மூத்த மாமா வீட்டில் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தோம். பிரிக்கக் கூடாது என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம். 2015 டிசம்பர் மழையில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, களிபோல ஆகியிருந்தன. ஆளுக்குப் பத்தாகப் பிரித்து வைத்திருந்தால் கொருக்குப்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கும் என் சித்தி வீட்டிலாவது பத்துக் கடிதம் மிஞ்சியிருக்கும். நான்கு கிளை இருக்கிறதே, அவர்கள் பிரித்துக்கொண்டால் என்ன தவறு?

பதில் 3: தண்டையார்பேட்டை

தம்பி, உங்கள் இழப்பைப் படித்து மிகவும் வருந்தினேன். உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து படிகளைப் பரப்பி வைப்பது. மூலக்கட்டு ஓரிடத்தில், மாடியில், இரும்புப் பெட்டிக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருக்கட்டும். நல்ல படங்கள் நான்கு கிளைக்கும், ஆசிரியை அம்மாவுக்கும், முடிந்தால் ஒரு நூலகத்துக்கும் போகட்டும். 2015இல் உங்கள் வீட்டில் ஒருவர் கைப்பேசியில் படமெடுத்திருந்தாலே இன்று எழுத்தாவது மிஞ்சியிருக்கும். ஒன்று தெரியுமா? மார்மன் சபையாரே இதில் நமக்கெல்லாம் முன்னோடிகள். இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் முன்னோர் யார், எந்த ஊர், எந்த நாளில் பிறந்தார் என்பதைத் தேடுவது அவர்களுக்கு வழிபாட்டின் ஒரு பகுதி. 1894இல் வம்சாவளிச் சங்கம் அமைத்து, 1938இலிருந்து உலகெங்கும் உள்ள பதிவேடுகளை நுண்படமாக எடுத்து, சால்ட் லேக் நகருக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து அதற்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத கடிதங்களைத் தலைமுறைக்கணக்காக அந்தக் குடும்பம் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்கும் இந்த நம்பிக்கையே காரணமாக இருக்கும்.

பதில் 4: வியாசர்பாடி, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம்

ஆசிரியை அம்மாவின் கேள்வியைப் படித்ததும் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் தாத்தா ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுவயதில் ரங்கூனுக்குப் போய், அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ஊரில் இருந்த அவருடைய அண்ணன், இனிமேல் வாசற்படி மிதிக்காதே என்று எழுதிவிட்டார். 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் குடும்பம் உடுத்த துணியும் ஒரு பெட்டியுமாகக் கப்பலில் சென்னைக்கு வந்து, வியாசர்பாடியில் குடியமர்ந்தது. அந்தப் பெட்டியில் அண்ணன் எழுதிய 22 கடிதங்கள் இருந்தன. எல்லாம் கோபக் கடிதங்கள். அவற்றை மட்டுமே படித்து வளர்ந்த எங்களுக்கு, பெரிய தாத்தா ஈரமில்லாத மனிதர் என்பது சிறுவயது முதல் தீர்மானமான எண்ணம்.

2009இல் ஊரில் அவர் வீட்டை இடித்துக் கட்டியபோது, பரணில் இருந்த ஒரு பானைக்குள்ளிருந்து தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் கிடைத்தன. ஒன்றுகூடத் தவறவில்லை, தேதி வாரியாக அடுக்கி வாழைநாரால் கட்டியிருந்தார். ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் வந்து சேர்ந்த நாளையும், அதற்குக் கீழே ‘பதில் போட்டாச்சு’ என்பதையும் பென்சிலால் குறித்திருந்தார். வாசலை மிதிக்காதே என்று சொன்னவர்தான் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்.

அதனால் சொல்கிறேன். கடிதம் எழுதியவர் வீட்டில் அவர் எழுதியது இருக்காது, அவருக்கு வந்ததுதான் இருக்கும். உங்கள் சுவிஸ்காரர் எழுதியவை அக்காள் வழியினரிடம், துர்காவில் ஏதாவது ஒரு பரணில் இருக்க வாய்ப்புண்டு. அக்காள் கண்டித்து எழுதினார் என்பதற்காகக் கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். கண்டித்துக்கொண்டே 27 ஆண்டு எழுதியவர் கிழிக்கமாட்டார்.

1872ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பற்றி. எங்கள் பெட்டியில் இருந்த ஒரு கடிதத்தை, குடும்ப மானம் என்று சொல்லி, என் தந்தையின் தலைமுறையில் எரித்துவிட்டார்கள். இன்று அதற்குப் பிந்தைய நான்கு கடிதங்கள் எங்களுக்குப் புரியவில்லை. பெரிய தாத்தா பழைய வழக்கப்படி மேற்படி என்பதற்கு ௸ என்ற குறியைப் போடுவார். ௸ விஷயமாக நீ எழுதியது கண்டேன், ௸ விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவோம் என்று வருகிறது. மேற்படி விஷயம் எது என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. எரித்தவர்கள் மறைக்க நினைத்தது சிறிய விஷயமாகக்கூட இருந்திருக்கலாம். நாங்கள் இப்போது என்னென்னவோ கற்பனை செய்துகொள்கிறோம். பலதார மணத்தை அந்தச் சபை 1852இல் வெளிப்படையாக அறிவித்தது, 1890இல் கைவிடுவதாக அறிவித்தது. இது உலகறிந்த செய்தி. அக்காள் கேட்டது ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால், கேட்கத் துணிந்த அந்தப் பெண்ணையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

பதில் 5: பெரம்பூர், ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், நீங்கள் படிப்பது குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறை என்பதால் சில எச்சரிக்கைகள். அதில் ‘e’ எழுத்து ‘n’ எழுத்தைப் போலவே இருக்கும். ‘u’ எழுத்துக்கு மேலே ஒரு வளைவு போடுவார்கள். அதை, ஒலி மாறுவதைக் காட்டும் உம்லவுட் புள்ளி என்று எண்ணி ஏமாறுவோம். ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் மட்டும் பெரும்பாலும் லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள், அவற்றை முதலில் பொறுக்கி எடுத்துக்கொண்டால் மற்றது மெல்லப் பிடிபடும். தேதியில் ‘7பெர்’ என்று இருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. ‘8பெர்’ அக்டோபர், ‘9பெர்’ நவம்பர். இதில் தவறினால் பதில் கடிதம் கேள்விக்கு முன்னால் வந்துவிடும்.

அக்காள் பேசியது சுவிஸ் வட்டார வழக்கு. எழுதியது பள்ளியில் கற்ற ஏட்டு ஜெர்மன். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்றாக இருப்பதுபோலத்தான். ஆகவே இலக்கணம் பிசகும் இடங்களைத் தவறு என்று திருத்தாமல் அப்படியே படியெடுங்கள். கோபம் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் பேச்சு வழக்கு எட்டிப் பார்க்கும்.

தேடுவதற்கு ஒரு வழி. சுவிஸ்காரருக்குப் பிறந்த ஊரைவிடப் பூர்வீக உரிமையுள்ள ஊர் முக்கியம். அந்தக் காலத்தில் தந்தை வழியில் வந்த அந்த ஊரின் பெயரைத்தான் ஆவணங்களில் எழுதுவார்கள், தலைமுறைக்கணக்காக அந்த ஊரில் காலே வைக்காதிருந்தாலும். நம்மவர் பூர்வீகம் சொல்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே அது சட்டப்படியான உரிமை. 1876க்கு முன் பிறப்பு இறப்புக்குத் திருச்சபைப் பதிவேடுகள்தான் பெரும்பாலும் ஆதாரம். துர்காவ் மாகாணத்தின் அரசு ஆவணக் காப்பகம் ஃபிரவுன்ஃபெல்டு நகரில் இருக்கிறது. குடும்பப் பெயர், பூர்வீக ஊர், அக்காளின் திருமணத்துக்குப் பிந்தைய பெயர் மூன்றையும் எழுதி ஜெர்மனிலேயே ஒரு கடிதம் போடுங்கள். கடிதக் கட்டு ஏதேனும் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அங்கே தெரியவரும். இல்லாவிட்டாலும் அக்காளின் வழியினரை நோக்கி ஒரு நூல் முனை கிடைக்கும்.

கேட்டவரின் மறுமொழி: ராயபுரம் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

பெரம்பூர் நண்பர் சொன்ன ‘7பெர்’ விஷயத்தில் நான் நன்றாகவே தவறியிருக்கிறேன். இரண்டு கடிதங்களை ஜூலையில் வைத்திருந்தேன்; செப்டம்பருக்கு மாற்றியதும், தம்பி பதில் எழுதாமல் இருந்தார் என்று நான் நினைத்த இடைவெளியே இல்லாமல் போயிற்று. தண்டையார்பேட்டை ஐயா கேட்டபடி எண்ணியும் பார்த்தேன். 1875க்கு முன் ஆண்டுக்கு ஒன்று. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் இரண்டு, சில ஆண்டுகளில் மூன்று. அக்காளின் மனம் இளகியது என்று நோட்டில் எழுதி வைத்திருந்த வரியை அடித்துவிட்டேன். லாமினேஷனைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தபோது என் தந்தையின் கடிதங்கள் இரண்டை நினைத்து வேதனையாக இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே ஒரு கடையில் கொடுத்துச் செய்தேன், இப்போது எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.

வியாசர்பாடி நண்பர் எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சம்பந்தி அம்மாளுக்கு அனுப்பினேன். அவர் அதை நான்கு கிளையினருக்கும் படித்துக் காட்டினாராம். கட்டு பிரியாமல் அவர் வீட்டு மாடியிலேயே இருக்கும். 1872ஆம் ஆண்டுக் கடிதமும் அதன் இடத்திலேயே இருக்கும். படங்கள் எல்லோருக்கும் போகும். ஃபிரவுன்ஃபெல்டுக்கு நான் ஜெர்மனில் எழுதிய கடிதம் சென்ற திங்கள்கிழமை போயிருக்கிறது.

தாயின் எழுத்துள்ள பக்கத்தை மருமகளே விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். மகனின் பெயருக்கு முன்னால், அழித்த இடத்தில், பென்சில் அழுத்திய பள்ளம் மூன்று இடத்தில் தெரிகிறது. மூன்றும் ஒரே எழுத்து. ஜெர்மனில் ‘அன்புள்ள’ என்ற சொல் தொடங்கும் எழுத்து அது. மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் அழித்துவிட்டு, நான்காவது முறை பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்.